ஆறு மூட்டை பொக்கு மிளகு

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சுத்தம். கழுவி அடுக்கிய கோப்பைகளை இறக்கி இன்னொரு தடவை கழுவுவேன். வந்தவர்கள் எழும்பிப் போவதற்குள் அவர்கள் இருந்த கதிரையைத் துடைக்கத் துணியோடு நிற்பேன். என் கணவர் லீவில் வரும் ஒரு மாதத்தில் முதல் மூன்று வாரமும் இதற்காக என்னோடு மல்லுக்கு நிற்பார். நாலாவது வாரம் பேசாமல் இருந்துவிடுவார். போகிற நாள் கிட்டிவிடும் அல்லவா, அந்த வாரம் எனக்கும் கோப்பை கழுவ மனம் வராது.

அவர் தோஹாவில் சாரதி. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பார், ஒரு மாதம் வருவார், திரும்பிப் போவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பல்லேபொலவுக்குப் பக்கத்தில் வாப்பா தந்த வளவில் நானும் நாற்பது மிளகுக் கொடியும் ஒரு சேவலும்தான். இதை அழுமூஞ்சியாகச் சொல்லவில்லை. சேவல் நல்ல துணை, எதிர்த்துப் பேசாது. ஆனாலும் மனுசன் வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையை நான் ஒருநாளும் ஒளித்து வைத்ததில்லை. “எப்ப வாறீங்க?” என்று கேட்காமல் ஒரு தடவைகூட போனை வைத்ததில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் சும்மா இருக்க முடியாமல் மிளகு வியாபாரம் ஆரம்பித்தேன். அக்கம்பக்கத்தில் பச்சை மிளகு வாங்குவேன், உதிர்ப்பேன், முற்றத்தில் காயப் போடுவேன், சுளகில் புடைப்பேன். காற்றில் பறக்கிற பொக்கு மிளகு ஒரு பக்கம், கனமான நல்ல மிளகு ஒரு பக்கம். மாத்தளை டவுனில் இருந்து மொத்த வியாபாரி ஒருவர் வந்து நல்லதை வாங்கிப் போவார். எனக்கு நானா முறை, அண்ணன் மாதிரி. சிரித்த முகம். விலை பேசும்போது மட்டும் சிரிப்பு போய்விடும்.

“தங்கச்சி, வியட்நாம்ல விலை விழுந்துட்டு,” என்பார்.

மழை பெய்தாலும் வியட்நாம், வெயில் அடித்தாலும் வியட்நாம். அந்த நாட்டுக்காரர்கள் என் முற்றத்தில் எத்தனை மூட்டை கிடக்கிறது என்று எட்டிப் பார்த்துத்தான் விலையை இறக்குகிறார்களோ என்று எனக்குச் சந்தேகமே வந்தது. கடைசியில் போகும்போது ஒதுக்கி வைத்த பொக்கு மிளகைப் பார்ப்பார். “இந்தக் குப்பை உங்களுக்கு எதுக்கு? நானே கொண்டு போய்க் கொட்டிடுறேன்,” என்று சொல்லி, லொறியில் ஏற்றிக்கொள்வார். எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்து நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்விப் பாடத்தில் ‘அபிவிருத்தி அடைந்து வரும் நாடுகள்’ என்று ஒரு பட்டியல் இருந்தது. இந்தியா, சீனா, பிரேசில் என்று மனப்பாடம் செய்ய வேண்டும். “சேர், இவங்க எல்லாம் எப்ப வந்து சேருவாங்க?” என்று நான் கேட்டேன். நான் பகிடிக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டேன். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார். இன்றைக்கு அவர் என் வீட்டுக்கு வந்தால் நானே காட்டுவேன். மிளகு காய்கிற தார்ப்பாயும் கையில் இருக்கிற போனும் சீனா. சந்தியில் நிற்கிற முச்சக்கரவண்டி இந்தியா. புருஷன் கத்தார். விலை வியட்நாம். லண்டனில் இருந்து வந்தது என்று சொல்ல எங்கள் வீட்டில் உம்மாவின் பழைய பிஸ்கட் டின் ஒன்றுதான் மிச்சம், அதிலும் நான் ஊசிநூல் வைத்திருக்கிறேன்.

போன வருடம் கணவரின் ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது போனில் எங்களுக்குள் ஒரு பேச்சு நடந்தது.

“நீ எந்த நாளும் எப்ப வாறீங்கன்னு கேக்குற. வந்து என்ன செய்ய? வெளிநாட்டுக்கு நேரா ஒரு ஓர்டர் போகட்டும். அப்ப நான் சைன் வைக்க மாட்டேன். பெட்டியத் தூக்கிட்டு வந்துடுறேன்,” என்றார் அவர்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

அன்றிலிருந்து நான் வேறு ஆளாகிவிட்டேன். வாசனைத் திரவியம் விற்கிறவர்கள் கூடும் போன் குழுக்கள் எல்லாவற்றிலும் சேர்ந்தேன். மிளகு காய்வதை, மிளகு உதிர்வதை, சேவல் மிளகின் மேல் நடப்பதை என்று எல்லாவற்றையும் வீடியோ எடுத்துப் போட்டேன். சேவல் வீடியோவைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள். அதைப் பார்த்துத்தான் இந்தியாவில், கொச்சிப் பக்கம் இருந்த ஒரு கம்பெனி, சாம்பிள் அனுப்ப முடியுமா என்று கேட்டது.

கூரியர்காரர் வந்து நின்ற நேரம் நான் கலியாண வீட்டுக்குப் புறப்பட்டு நின்றேன். ஒரு கையில் மருதாணி காயவில்லை. எதிர்வீட்டுச் சிங்கள அக்கா காலையில் கொண்டு வந்து இறக்கிய மூட்டை ஒன்று விறாந்தையில் வாய் திறந்து கிடந்தது. புடைக்காத மிளகு. எங்கள் ஊரில் கள்வருக்குப் பயந்து பாதிப் பேர் மிளகைப் பிஞ்சிலேயே பறித்துவிடுவார்கள், அதனால் பொக்கு நிறைய இருக்கும். வேறு வழி இல்லாமல் மற்றக் கையால் அதில் இரண்டு கோப்பை அள்ளிப் பையில் போட்டு அனுப்பிவிட்டேன். கலியாண வீட்டில் புரியாணி தொண்டைக்குள் இறங்கவில்லை. அழுக்கு மிளகை வெளிநாட்டுக்கு அனுப்பிய பாவி என்று என்னையே ஏசிக்கொண்டு இருந்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சாம்பிள் பிடித்திருக்கிறதாம். இதே மாதிரி இருபது மூட்டை வேண்டுமாம். தங்கள் ஆள் நேரில் வந்து பார்த்து ஏற்றுவாராம். அவர் வருகிற நாள் வியாழக்கிழமை. தோஹாவில் என் கணவர் ஒப்பந்தத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடைசி நாளும் அதே வியாழக்கிழமை. அல்லாஹ் எனக்காகவே நாளைப் பொருத்தி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் புத்தி உள்ளவள் என்ன செய்வாள்? ‘இதே மாதிரி’ என்றால் இதே மாதிரி கொடுப்பாள். நான் என்ன செய்தேன் என்றால், அந்த அழுக்கையே பிடித்திருக்கிறது என்றால் சுத்தமானதைப் பார்த்தால் மயங்கி விழுவார்கள் என்று கணக்குப் போட்டேன். வீடு தேடி வருகிற ஆளுக்குப் பொக்கைக் காட்டுவதா? எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு உடைந்த பிஸ்கட்டைக்கூட வைக்க மாட்டோம்.

அக்கம்பக்கத்தில் வாங்கிச் சேர்த்த இருபது மூட்டையையும் முற்றத்தில் கொட்டினேன். எதிர்வீட்டுச் சிங்கள அக்கா வந்தார். ரத்தொட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்ட கத்தோலிக்கத் தங்கச்சி ஒருத்தி வந்தாள். கொழுந்து பறித்த கை, அவள் ஒருத்தி மூன்று பேரின் வேலை பார்ப்பாள். மூன்று நாள் புடைத்தோம். தும்மித் தும்மி மூக்கு வீங்கிவிட்டது. இருபது மூட்டை பதினாலாகச் சுருங்கியது. மிச்ச ஆறு மூட்டையும் பொக்கு. மூட்டை குறைந்தாலும் பரவாயில்லை, இப்படி ஒரு மிளகு இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஆறு மூட்டைக் குப்பையையும் கொண்டுபோகச் சொல்லி நானாவுக்குப் போன் போட்டேன். அரை மணித்தியாலத்தில் லொறி வந்துவிட்டது. அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் வந்ததில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனி ஆள் வந்து இறங்கியது. ஆள் என்றால் முப்பது வயது மதிக்கக்கூடிய ஒரு பெண். தமிழ்நாட்டுக்காரி, அந்தக் கம்பெனியின் ஆய்வுகூடத்தில் வேலை. வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக அடுக்கி வைத்தாள். எனக்கு அந்த நிமிடமே பிடித்துவிட்டது.

பையில் இருந்து ஒரு லீட்டர் டப்பாவையும் சின்னத் தராசையும் எடுத்தாள். டப்பாவில் மிளகை நிரப்பி நிறுத்தாள். இன்னொரு மூட்டையில் எடுத்து நிறுத்தாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. இவ்ளோ அழகான மிளகை நான் பார்த்ததே இல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றேன்.

“ஆனா இது எங்களுக்கு வேண்டாம்க்கா.”

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கோபத்தில் அகப்பையை ஒரு பக்கம் எறிந்துவிட்டுப் போனை எடுத்துக் கணவருக்கு எழுதினேன். “ஓர்டர் போச்சு. நீங்க சைன் வச்சிடுங்க. என்னப் பத்தி யோசிக்க வேணாம்.” அனுப்பிய கையோடு இரண்டு கோடும் நீலமாகிவிட்டன. அவர் வாசித்துவிட்டார். பதில் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை வேலை செய்யும், மூளை பின்னால் வரும். ஆனாலும் வந்த பிள்ளையைப் பட்டினியாக அனுப்ப முடியுமா? பலாப்பிஞ்சில் பொலோஸ் கறியும் மாசிச் சம்பலும் வைத்துச் சோறு போட்டேன். அவள் பிசைந்துகொண்டே கேட்டாள்.

“சாம்பிள்ல நிறைய பொக்கு இருந்துச்சேக்கா. அதெல்லாம் எங்க போச்சு?”

“அந்தக் குப்பையா? புடைச்சு எடுத்துட்டோம். மூணு நாள் மூணு பேர்.”

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். “அக்கா, எங்களுக்கு அந்தக் குப்பைதான் வேணும்.”

பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினாள். அவர்கள் மிளகை முழுசாக விற்கிறவர்கள் இல்லை. அரைத்துச் சாறு எடுக்கிறவர்கள். முற்றாத, எடை குறைந்த மிளகில்தான் எண்ணெயும் காரமும் அதிகம். அந்தச் சாற்றைச் சீனாவில் நூடுல்ஸ் செய்கிற கம்பெனி வாங்குகிறது. பிரேசிலில் சொசேஜஸ் செய்கிற கம்பெனி வாங்குகிறது. அங்கெல்லாம் இப்போது சனங்கள் முன்னை மாதிரி இல்லை, கையில் கொஞ்சம் காசு புழங்குகிறது, பாக்கெட்டில் வருகிற சாப்பாட்டை வாங்கிச் சாப்பிடுகிறார்கள், அதனால் எவ்வளவு சாறு எடுத்தாலும் போதாமல் இருக்கிறது. இலங்கையில் பிஞ்சில் பறிக்கிற மிளகு அவர்களுக்குத் தங்கமாம்.

வாசலில் நின்ற சிங்கள அக்கா, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் அப்படியே படியில் குந்திவிட்டார். “நங்கி, அப்ப கள்வருக்குப் பயந்து நாங்க பறிச்சதுதான் சீனாவுக்குப் போகுதா?” என்று சிங்களத்தில் கேட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தோட்டத்துத் தங்கச்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

“மூணு நாளு தும்முனோமே அக்கா, அது எந்தக் கணக்குல?” என்றாள்.

எனக்கு நானாவின் சிரித்த முகம் ஞாபகம் வந்தது. நாலு வருடம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேனே.

“பதினாலையும் அந்த ஆறையும் திரும்பக் கலந்தா சாம்பிள் மாதிரியே வருமா?” என்று அவளிடம் கேட்டேன்.

“வரணும்க்கா. ஆனா நான் சனிக்கிழமை காலைல கொழும்புக்குப் போயிருவேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ரெடியா இருந்தா பார்த்து ஏத்திடலாம்.”

உடனே கணவருக்குப் போன் எடுத்தேன். அடிக்கவே இல்லை. “சைன் வைக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க,” என்று எழுதினேன். ஒற்றைக் கோடு. பாலைவனத்துக்குள் குழாய் பதிக்கிற இடத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனால் இப்படித்தான், ஒரு நாள் முழுக்க போன் வேலை செய்யாது. முதல் செய்தியைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தில் கையெழுத்தை வைத்துவிட்டுத்தான் போயிருப்பார். என் அவசரப் புத்தியால் இரண்டு வருடம் போய்விட்டது. அப்போது எனக்கு வந்த ஆத்திரம் முழுவதும் என் மேல்தான்.

ஆத்திரத்தோடே முச்சக்கரவண்டி பிடித்து டவுனுக்குப் போனேன். நானாவின் ஸ்டோரில் என் ஆறு மூட்டையும் கிடந்தன. மூட்டை வாயைச் சிவப்பு நூலால் இரட்டைத் தையல் போடுகிறவள் மாத்தளையில் நான் ஒருத்திதான். நானா கல்லாவில் தனியாக இருந்தார். அந்த மூட்டைகள் வேண்டும் என்றேன்.

“அது கொழும்புக்குப் போகக் கட்டி வச்சது தங்கச்சி. வேணும்னா நல்ல மிளகு விலைக்கு எடுத்துக்கங்க.”

“குப்பைக்கு நல்ல மிளகு விலையா?”

“என்ன செய்ய? வியட்நாம்ல விலை ஏறிட்டு.”

நாலு வருடத்தில் வியட்நாமில் விலை ஏறியதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். நான் திரும்பி வந்தேன். தோற்று வரவில்லை. வரும் வழியில் அளுவிகாரைச் சந்தி தாண்டும்போதே என்ன செய்யலாம் என்று ஒரு யோசனை வந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் டவுன் வியாபாரிகள் பாதிப் பேர் நானாவின் கடையில்தான் தேத்தண்ணி குடிப்பார்கள். தொப்பியைக்கூடக் கழற்றாமல் இருந்து ஊர்க்கதை பேசுவார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கூடும் மட்டும் நான் எதிர்ப்பக்கத்துப் புடவைக் கடையில் நின்று, வாங்காத துணிகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தெருவைக் கடந்து போய்க் கடை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி ஸலாம் சொன்னேன்.

“நானா, நாலு வருஷமா என் வீட்டுக் குப்பைய ஒரு சதம் வாங்காம சுமந்துட்டு வாறீங்க. அல்லாஹ் உங்களுக்கு அதுக்குக் கூலி தருவான். இந்தத் தடவ அந்தப் பாரத்த நானே சுமந்துக்குறேன். அந்த ஆறு மூட்டக் குப்பையையும் தந்துடுங்க.”

வெள்ளைத் தாடி வைத்த ஹாஜியார் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“குப்பைதானே? குடுங்களேன்,” என்றார்.

நானா என்னைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். குப்பை இல்லை என்று சொன்னால் நாலு வருடத்துக்கு என்ன பதில் என்று அங்கே இருந்த பன்னிரண்டு பேரும் கேட்பார்கள். எல்லோரும் மிளகு வியாபாரிகள்தான், எல்லோருக்கும் விஷயம் தெரியும். அவர்களில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்கள். கடைசியில் நானாவுக்கே அடக்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துச் சிரித்தார். கல்லாவை விட்டு எழும்பி வந்து தானே நின்று மூட்டைகளை ஏற்றுவித்தார். லொறிக் கூலியும் வேண்டாம் என்றுவிட்டார். சொல்லத்தான் வேண்டும், தோற்ற பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாத மனுசன்.

லொறி புறப்படும்போது மெதுவாகக் கேட்டார்.

“தங்கச்சி, அந்தக் கம்பெனிக்காரப் பிள்ளையோட நம்பரத் தர ஏலுமா?”

“வியட்நாம்ல கேளுங்க நானா,” என்றேன்.

வீட்டு முற்றத்தில் தார்ப்பாய்களை விரித்து வைத்துவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பதினாலு மூட்டையையும் கொட்டினோம், அதற்கு மேல் ஆறையும் கொட்டினோம். மூன்று நாள் பிரித்ததைத் திரும்பக் கலக்க இரண்டு மணித்தியாலம்தான் ஆனது. முழங்கால் அளவு மிளகுக்குள் நின்று மண்வெட்டியால் புரட்டினோம். சிங்கள அக்கா தும்முவார், தோட்டத்துத் தங்கச்சி அதற்கு ‘ஆமென்’ சொல்லுவாள், நான் தும்மினால் நானே ‘அல்ஹம்துலில்லாஹ்’ சொல்லிக்கொள்வேன். இடையிடையே என் கை தன்பாட்டில் ஒரு சருகைப் பொறுக்கும். உடனே தங்கச்சி என் புறங்கையில் அடிப்பாள்.

“சுத்தம் பண்ணாதீங்க அக்கா. கெட்டுப் போயிடும்.”

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கணவரை நினைத்தால் நெஞ்சு கனத்தது, முற்றத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்தது, இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

கம்பெனிப் பிள்ளை அன்றைக்கு ரிவர்ஸ்டன் மலை பார்க்கப் போயிருந்தாள். மூடுபனியில் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் நன்றாக இருந்தது என்று நனைந்த தலையோடு நாலு மணிக்கு வந்து நின்றாள். டப்பாவை நிரப்பினாள், நிறுத்தாள். ஐந்து இடத்தில் எடுத்து நிறுத்தாள். சேவல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

“இதுதான்க்கா,” என்றாள். “அடுத்த சீசனுக்கு இதே மாதிரி நாப்பது மூட்டை தருவீங்களா?”

தருவேன் என்றேன். நாற்பது மூட்டையை யார் தூக்குவது, யார் ஊரூராகப் போய்ச் சேர்ப்பது என்றெல்லாம் யோசிக்கவில்லை. வில்கமுவ வரைக்கும் போய் மிளகு சேர்க்க வேண்டிவரும், அங்கே பஸ் நினைத்தால்தான் வரும். ஆனாலும் தருவேன் என்றுதான் சொன்னேன். இருபது மூட்டையும் லொறியில் ஏறின. சிவப்பு நூல் இரட்டைத் தையலோடு அவை வளைவு திரும்பும் மட்டும் மூன்று பேரும் வேலியோரம் நின்று கை காட்டினோம். மூட்டைக்குக் கை காட்டுகிற பைத்தியங்கள் என்று தெருவால் போனவர்கள் நினைத்திருப்பார்கள்.

அவர்கள் இருவரும் வீட்டுக்குப் போன பிறகு வெறும் தார்ப்பாயில் நான் கால் நீட்டி இருந்தேன். போன் அடித்தது. அவர்தான். முகம் முழுக்க மணல் தூசி.

“இப்பத்தான் சிக்னல் கிடைச்சிச்சு. மெசேஜ் ஒண்ணும் இன்னும் பாக்கல. என்ன இவ்வளவு தரம் எடுத்திருக்க?”

என்னால் சுற்றி வளைத்துக் கேட்க முடியவில்லை.

“சைன் வச்சிட்டீங்களா?”

“ஆபீசுக்குப் போனேன். பேப்பர முன்னால வச்சாங்க. பேனையும் தந்தாங்க.” கன்னத்து மணலைத் துடைத்தார். “வைக்கல.”

“ஏன்? ஓர்டர் போச்சுன்னுதானே எழுதினேன்.”

“ஓர்டர் கிடைச்சிருந்தா ஒருவேள வச்சிருப்பேன். நீ தனியாவே சமாளிச்சுடுவ, இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வரலாம்னு நினைச்சிருப்பேன். ஆனா ‘என்னப் பத்தி யோசிக்க வேணாம்’னு எழுதியிருந்த பாரு. கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து நீ அப்பிடி ஒரு வார்த்த சொன்னதில்ல. அத வாசிச்சப் பொறகு அந்தப் பேனையப் பிடிக்க ஏலல. அடுத்த மாசம் வந்துடுறேன். வந்து என்ன செய்றதுன்னுதான் தெரியல. அங்க ஓர்டரும் இல்ல, எனக்கு வேலையும் இல்ல.”

நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை, பயந்துவிட்டார். அழாதே, ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த மணல் முகத்தோடு என்னைத் தேற்றத் தொடங்கினார். முதலில் சால்வைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன்.

“வேலை இருக்கு,” என்றேன். “ஆனா லீவு தர மாட்டேன்.”